நோட்டீஸுக்கு முந்தி ஒரு டோக்கன்

கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தியபோது ஜூனியர்கள் சேர்ந்து எனக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல நாற்காலிதான். ஆனால் அதில் சாய்ந்தால் தூக்கம் வருகிறது, கோபம் வரமாட்டேன் என்கிறது. கோபம் இல்லாமல் தொழில் பண்ணியவள் இல்லை நான். அதனால் அந்த நாற்காலியில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

போன வாரம் என் ஜூனியர் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கெட்டிக்காரி. காலையில் ஒரு கட்சிக்காரர் போனில் விவரம் அனுப்பினாராம், மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் போய்விட்டதாம். மாதிரி நோட்டீஸ் கையிலேயே இருக்கிறதாம், பேரையும் வியாதியையும் மாற்றினால் போதுமாம். "டாக்டரைப் போய்ப் பார்த்தியா?" என்று கேட்டேன். "எதுக்கு மேடம்? அவர் எதிர்க்கட்சியாச்சே" என்றாள். எதுக்கு என்று வாயால் சொன்னால் அரைமணியில் மறந்துவிடுவாள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஏரல்காரி. அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கடையில்தான் இருப்பேன். பருப்பில் கல் கிடக்கிறது, எண்ணெய் காறுகிறது என்று யாராவது வந்து நின்றால், அப்பாவுக்காக அவர்களிடம் பேசாமல் அவர்களுக்காக அப்பாவிடம் பேசுவேன். "இவளக் கடையில வச்சிருந்தா கடை முங்கிரும்" என்று சொல்லித்தான் அவர் என்னைச் சட்டம் படிக்க அனுப்பினார். படிப்பு, பதிவு, கறுப்புக் கோட்டு எல்லாம் எல்லோருக்கும் நடந்த மாதிரிதான் எனக்கும் நடந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

தூத்துக்குடியில் நான் சேர்ந்த சீனியர் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர். நெற்றியில் நாமம், கையில் வெயிலோ மழையோ ஒரு குடை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது விரல் போனவர்கள், உப்பு லாரி இடித்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். டாக்டர்களும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று ஆனபிறகு ஆஸ்பத்திரி வழக்குகளும் வரத் தொடங்கின. அங்கேதான் வேடிக்கை. மனுஷருக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். காய்ச்சல் வந்தால் மிளகுக் கஷாயத்தோடு சரி. இப்படிப்பட்டவர் டாக்டர்கள் மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வழக்கு முதன்முதலில் வந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "நோட்டீஸ் போயிடுத்துன்னா அந்த டாக்டரோட வாயை அவர் வக்கீல் தச்சுடுவார். அதுக்கு முந்தி என்ன நடந்ததுன்னு அவர் வாயாலயே ஒரு தரம் கேட்டுடணும். நீ போய்க் கேட்டுண்டு வாம்மா" என்றார். நீங்கள் வரவில்லையா சார் என்றேன். "நேக்கு அந்த வாடை ஆகாது" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய பயத்தில் பிறந்தது, கடைசியில் எங்கள் ஆபீசின் சட்டமாகவே ஆகிவிட்டது.

அதற்கு ஒரு முறை உண்டு. கறுப்புக் கோட்டுப் போட்டுப் போகக்கூடாது, கையில் கேஸ் கட்டு கூடாது. மற்ற நோயாளிகளைப் போல டோக்கன் போட்டு, பீஸ் கட்டி, நம் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த பீஸைக் கட்சிக்காரர் தலையில் கட்டக்கூடாது. உள்ளே போனதும் முதல் வார்த்தையே நான் இன்னாருக்கு வக்கீல் என்பதுதான். வயிற்றுவலி என்று நடித்து வாயைப் பிடுங்கினால் சீனியர் அந்த வழக்கையே தொடமாட்டார்.

பெஞ்சில் சும்மா விடுவார்களா? "ஏளா, ஒனக்கு என்ன செய்யுது?" என்று பக்கத்தில் இருக்கிற ஆச்சி கேட்பாள். எனக்கு ஒன்றுமில்லை, வேறு ஆளுக்காக வந்திருக்கிறேன் என்றால், மாத்திரை வாங்கவா, ரிசல்ட் வாங்கவா என்று அடுத்த கேள்வி வரும். உள்ளே போனபிறகு மணியடித்து என்னை வெளியே அனுப்பிய டாக்டர் உண்டு. கதவைச் சாத்திவிட்டு அழுத டாக்டரம்மா உண்டு. இன்னொருவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். கட்டுப் போட்ட காலை வீட்டார் மூன்றாம்நாளே பிரித்து எண்ணெய் போட்டிருக்கிறார்கள். வழக்கு நிற்காது என்று அந்த வீட்டில் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பட்டும்.

இனி சூசை அண்ணாச்சி வழக்குக்கு வருகிறேன்.

ஒருநாள் பிலோமி என்ற பெண் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து, எங்கள் வீட்ல அவிய கீழே ஆட்டோவில் இருக்கிறார்கள், ஏற முடியாது என்றாள். ஊர் கீழவைப்பார். புருஷன்தான் சூசை அண்ணாச்சி, சங்கு குளிக்கிறவர். குமாஸ்தா நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி வரலாம் என்று கிளம்பினான். சங்கு குளிக்கிறவனை மூட்டை மாதிரித் தூக்காதீங்க என்று கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சீனியர் எழுந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஆட்டோவுக்குள் ஏறி அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். ஆட்டோ ஓட்டுகிற பையன் எஞ்சினை அணைத்தான். வழக்கு முழுவதையும் நாங்கள் அங்கேதான் கேட்டோம்.

கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை இழுத்துக்கொண்டு ஆழத்தில் சங்கு எடுத்திருக்கிறார். மேலே வந்ததும் தோளில் குடைச்சல், பிறகு இரண்டு காலும் மரத்துவிட்டன. ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு மேலே வருகிறவர்களுக்கு ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி இப்படி வருவதுண்டு. உடனே ஆக்ஸிஜன் கொடுத்து, அதற்கான வசதி இருக்கிற இடத்துக்கு அனுப்பினால் பிழைத்துக்கொள்ள வழியுண்டு. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், குடிபோதை என்று எழுதி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, தெளியட்டும் என்று மூலைக் கட்டிலில் போட்டுவிட்டார். விடிந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

அண்ணாச்சி படகுக்குத் தலைவர். முதல்நாள் குடித்தவனைக்கூட மறுநாள் படகில் ஏற்றாத ஆள். எத்தனையோ பேரைக் கரையிலேயே இறக்கிவிட்டு அவர்கள் வீட்டுப் பெண்களிடம் வசவு வாங்கியவர். அவரைப் போய் ஊர் இப்போது குடித்துவிட்டு முங்கினான் என்றது. அவர் இறக்கிவிட்ட ஆட்களே வந்து, "என்ன மாமா, ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, சுவரைப் பார்த்தே கிடந்திருக்கிறார்.

எவ்வளவு இழப்பீடு கேட்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். பிலோமி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"கால் போனதுக்கு அவிய அழல வக்கீலம்மா. குடிகாரன்னு எழுதிப்போட்டதுக்குத்தான் அழுதாவ. துட்டு வந்தா வரட்டும், வராட்டா போகட்டும். அவிய குடிக்கலன்னு அந்த டாக்டரு வாயால சொல்லணும். அது போதும்."

நான் டோக்கன் போட்டுப் போனேன். அந்த டாக்டர் அதற்குள் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் ஒரு 'ங்க' சேர்ந்தே வரும். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பிடி கொடுக்கவில்லை. வாடை வந்தது, எழுதினேன், குடிக்கலைன்னுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள் என்றார். மணியை அடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வாடை எங்கிருந்து வந்தது? அதைப் பிலோமியின் தம்பி சேவியர்தான் சொன்னான். அதே படகில் போகிறவன். உடம்பு மரத்துப்போனால் தேய்ப்பதற்கென்றே படகில் ஒரு பிராந்தி பாட்டில் வைத்திருப்பார்களாம். அதைக் குடிக்க யாரும் தொடக்கூடாது, மச்சான் உத்தரவு. அன்றைக்கு மச்சானைப் பலகையில் கிடத்தி, உள்ளங்காலிலிருந்து நெஞ்சுவரை முழுப் பாட்டிலையும் அவன்தான் தேய்த்திருக்கிறான். "நான் தேய்க்காம இருந்திருந்தா டாக்டரு ஒழுங்காப் பாத்திருப்பாருல்லா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது சங்கடத்தைப் பாருங்கள். சேவியர் சாட்சி சொன்னால், படகில் பாட்டில் இருந்ததை அவனே ஒப்புக்கொண்டதாக ஆகும். தேய்த்தாயா குடித்தாயா என்று எதிர்க்கட்சி வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். சொல்லாவிட்டால் வாடைக்குக் காரணமே இல்லை. அண்ணாச்சிக்கு இருந்த ஒரே சாட்சி, அவரைக் கவிழ்க்கிற சாட்சியாகவும் இருந்தான். ரத்தத்தில் மது இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

சீனியர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டே, "வாடைக்கு எப்படிம்மா எக்ஸிபிட் நம்பர் போடறது?" என்றார்.

நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன் சார் என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நாராயணா" என்றார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அரை பாட்டில் போதுமோ?" என்று கேட்டார். குமாஸ்தா ஒயின் ஷாப்புக்குப் போய் வாங்கி, தினசரிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, வெடிகுண்டை வைப்பதுபோல என் மேசையில் வைத்தான்.

என் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. பொம்பள ஆளைத் தொடமாட்டேன் என்று சேவியர் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல, பிலோமி எனக்குப் பிராந்தியைத் தேய்த்தாள். உள்ளங்காலில் தொடங்கி, கட்டைவிரலால் அழுத்தி மேலே மேலே, பிறகு கையில், தோளில், கழுத்தில். என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். வக்கீலைக் கட்டிக்கொண்டவருக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

தேய்த்துக்கொண்டிருந்த பிலோமி தலை நிமிராமல் சொன்னாள்: "அவியளுக்கும் இப்பம் தினமும் இப்படித்தான் தேய்க்கேன். வெறும் எண்ணெய வச்சு. நான் தொடுதது அவியளுக்குத் தெரியாது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிராந்தி நெடியில் வந்ததென்று சொல்லிக்கொண்டேன். அது பொய்.

அப்படியே ஆட்டோ ஏறிக் கிளினிக்குக்குப் போய் டோக்கன் போட்டேன். பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒரு பெரியவர், பொம்பளையாளும் ஆரம்பிச்சாச்சா என்று யாருக்கோ சொல்வதுபோல எனக்குச் சொன்னார். டோக்கன் கொடுக்கிற பெண்ணும் மருந்து கொடுக்கிற பெண்ணும் சிரித்துக்கொண்டார்கள். ஏரல் பலசரக்குக் கடை அண்ணாச்சி மகள், மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது நான் குடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்போல வாய் துடித்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? சூசை அண்ணாச்சி எதைச் சுமந்துகொண்டு சுவரைப் பார்த்துக் கிடக்கிறார் என்று எனக்கு அந்தப் பெஞ்சில்தான் உறைத்தது.

உள்ளே போனேன். கதவு திறந்ததுமே டாக்டரின் முகம் மாறியது.

"மேடம், குடிச்சிருக்கீங்களாங்க?"

நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினேன். அவர் கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். பிறகு, டாக்டர் அல்லவா, எழுந்து வந்து பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினார். அதற்காகக் குனிந்தபோது அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. நான் சாதாரணமாக மூச்சு விட்டேன். அவர் கை நின்றுவிட்டது. பட்டையைக் கழற்றினார். தன் விரலை மோந்து பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார்.

தேய்ச்சிருக்கு டாக்டர், படகில் இப்படித்தான் தேய்ப்பார்களாம் என்றேன்.

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். வெளியே அடுத்த டோக்கன்காரர் கதவைத் தட்டினார். அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

"அன்னைக்கு நான் கிட்டவே போகலைங்க" என்றார். "கதவுகிட்ட நின்னே எழுதிட்டேன்."

நோட்டீஸ் வரும் டாக்டர் என்றேன். வரட்டுங்க என்றார். பிறகு, உங்களுக்கு நிஜமாகவே பிரஷர் அதிகம், விளையாட்டாக விடாதீர்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சீனியர் சொன்னதுபோலவே ஆயிற்று. நோட்டீஸ் போனதும் ஆஸ்பத்திரி வக்கீல் வந்தார், வாயைத் தைத்தார். நோயாளி போதையில் வந்தார் என்றே பதிலுரை தாக்கலானது. அறைக்குள் என்னிடம் சொன்னதை டாக்டர் மறுத்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கும் சோதனைதான். அப்போதுதான் கிளினிக்குக்கு ஆள் வரத் தொடங்கியிருந்த நேரம். தப்பென்று ஒப்புக்கொண்டால் ஊர் சும்மா விடுமா?

வழக்கு இழுத்தது. கடைசியில் சாட்சி விசாரணைக்கு நுகர்வோர் மன்றம் ஒரு வழக்கறிஞரைக் கமிஷனராகப் போட்டது. அவர் ஆபீசும் மாடிதான். எங்கள் ஊரில் காலில்லாதவர் நியாயம் கேட்கப் போகிற இடமெல்லாம் மாடியில்தான் இருக்கும். அண்ணாச்சி கீழே அதே ஆட்டோவில் இருந்தார். பிலோமி மட்டும் மேலே வந்து கதவோரம் நின்றாள். சீனியருக்கு அப்போது முட்டி வலி, இருந்தும் படியேறி வந்து என் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது தொழிலில் பாலபாடம். நான் அன்றைக்கு வேறு கேள்வி எதுவும் எடுத்துப் போகவில்லை. குடிபோதை என்று எழுதுவதற்கு முன்னால் நோயாளியின் அருகில் சென்று அவர் மூச்சைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டேன்.

டாக்டர் தன் வக்கீலைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற பிலோமியைப் பார்த்தார்.

"இல்லைங்க. நான் கிட்டப் போகலை. வாடை உடம்பு மேல இருந்து வந்தது. அவர் குடிச்சிருந்தார்னு நான் எழுதினது தப்புங்க."

ஆஸ்பத்திரி வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கமிஷனர் முகத்தைப் பார்த்தார். அடியுங்க, அப்படியே அடியுங்க என்றார் கமிஷனர். பின்னாலிருந்து சீனியர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பிறகு தீர்ப்பும் எங்கள் பக்கம் வந்தது, மேல்முறையீட்டுக்குப் போய் நின்றது, இழப்பீடும் கொடுத்தார்கள். அதெல்லாம் ரெக்கார்டில் இருக்கிறது, வேண்டுகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். டாக்டரின் கிளினிக்கில் கொஞ்சநாள் கூட்டம் குறைந்தது, அப்புறம் முன்னைவிட அதிகமாயிற்று. என் பிரஷருக்கு இன்றும் அவரிடம்தான் போகிறேன். போன் பண்ணினாலே பார்ப்பார், ஆனாலும் டோக்கன் போட்டுத்தான் போவேன். ரெக்கார்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் வெளியே வந்தபோது பிலோமி வழியை விடவில்லை.

"எல்லாத்தையும் இங்கன சொல்லிட்டிய டாக்டரு. கேக்க வேண்டியவிய கீழ இருக்காவ" என்றாள்.

வேண்டாம் டாக்டர், கிளம்புங்க என்று அவருடைய வக்கீல் தடுத்தார். டாக்டர் படியில் இறங்கத் தொடங்கியிருந்தார். நாங்களும் பின்னால் போனோம். ஆட்டோவுக்குள் அண்ணாச்சி மடியில் ஒரு துவாலையைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். டாக்டர் பக்கத்தில் நின்று, அன்னைக்கு நான் என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் நின்றுபோனது.

"கிட்ட வாங்க டாக்டரு" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் ஆட்டோவுக்குள் தலையை நீட்டிக் குனிந்தார். அண்ணாச்சி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். காலம் பூராவும் கடலுக்கடியில் மூச்சை ஆண்ட நெஞ்சு அது. வாயைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராக, மெதுவாக அவ்வளவையும் விட்டார்.

"இப்பம் மோந்து பாருங்க."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

"காப்பி வாடைதாங்க அண்ணாச்சி" என்றார். "காப்பி வாடை மட்டுந்தான்."

அண்ணாச்சி முன்னால் இருந்த ஆட்டோக்காரப் பையனின் தோளைத் தட்டினார். அவனும் கீழவைப்பார்க்காரன்தான்.

"ஏலே, கேட்டியா?"

"கேட்டேன் மாமா."

"ஊர்ல போய்ச் சொல்லு."

ஆட்டோ அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போகவில்லையாம். பையன் கீழவைப்பாரில் ஒரு தெரு விடாமல் ஓட்டி, நிற்கிற ஆட்களிடமெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கட்டிலை வாசல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னாராம்.